கம்பி விழுந்த இடம்

அந்த வீட்டின் பின்பக்கம் எந்தக் காலத்திலும் சேறானதில்லை. குவாரிக் குடியிருப்பில் மற்ற வீடுகளின் பின்னால் பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, கொசு மொய்க்கும். கடைசி வரிசையின் கடைசி வீட்டில் மட்டும் தரை துடைத்து வைத்ததுபோல் கிடக்கும். இத்தனைக்கும் அது துணி துவைத்துப் பிழைக்கிற வீடு. குவாரியில் வேலை செய்கிற அத்தனை பேரின் அழுக்கும் அங்கேதான் வந்து இறங்கும்.

காரணம் ஓர் ஓட்டை. பின்சுவரை ஒட்டினாற்போல், வெறும் பாறையில் இருந்தது. தொட்டியைச் சரித்தால் தண்ணீர் அதைச் சுற்றி ஒரு சுழி சுழன்று, களக்கென்று உள்ளே போய்விடும். எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். ஒருநாள்கூட எதிர்த்து வந்ததில்லை.

"கல்யாணமாகி வந்தப்ப இவரு எனக்குப் போட்ட ஒரே நகை இதுதாண்டா தம்பி" என்பாள் அக்கா. "ஊர்ல ஆம்பளைங்க காதுக்கும் கழுத்துக்கும் வாங்கிக் குடுப்பாங்க. இந்த மனுசன் பாறையில ஓட்டை போட்டுக் குடுத்தாரு."

"போடும்போது ரெண்டு விரல் அகலந்தான் இருந்துச்சு" என்பார் அண்ணன் உரக்க. அவருக்கு எதையும் உரக்கத்தான் சொல்ல வரும். "இப்ப பாரு, தேங்காய் போகுது!"

"நான் தண்ணி ஊத்தி வளர்க்கிறேன்ல?"

அவர் கம்ப்ரசர்காரர். காற்று இயந்திரத்தில் மாட்டிய கம்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போடுகிற வேலை. வாலிபத்தில் பிடித்த கம்பியை அவர் விடவே இல்லை. கம்பி அவர் காதைத் தின்றுவிட்டது. நான் டிப்பர் ஓட்டுகிறவன். எதிர் வரிசையில் ஓர் அறையில் தனியாகக் கிடந்தேன். என் சட்டைகளை அக்காதான் துவைத்தாள். சட்டை வாங்கப் போகிற சாக்கில் தேநீரும் குடித்துவிட்டு வருவேன். உறவு என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லாதவனுக்கு அந்த வீடுதான் வீடு.

அந்தப் பூமி முழுக்கச் சுண்ணாம்புக் கல். மேலே ஒரு சாண் செம்மண், சில இடத்தில் அதுவும் இல்லை. பாறையின் முதுகில் யாரோ ஈர மாவை விரலால் வழித்ததுபோல் நீள நீளமாகக் கோடுகள் ஓடும். எல்லாம் மழை வழித்தது. ஓடைகள் முழுசாக ஓடாது. பாதி தூரம் ஆடிக்கொண்டு வந்து, ஒரு பொந்தில் தலையை விட்டுக் காணாமல் போய்விடும். குழாயில் வரும் தண்ணீரில் கல் கரைந்து கிடக்கும். கெட்டில் வாங்கிய சில நாளில் உள்ளே வெள்ளையாகச் செதில் கட்டிவிடும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தயிர் திரிந்ததுபோல் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். அக்காவின் முழங்கை தேய்ந்ததெல்லாம் அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டித்தான்.

அதனால் மழை வந்தால் அவளுக்குத் தலைகால் புரியாது. கூரைத் தகரத்தின் கீழ் டிரம்களை வரிசையாக வைத்துவிடுவாள். "மழைத்தண்ணி மாதிரி உண்டா? சோப்பைக் காட்டினாப் போதும், சிரிச்சிக்கிட்டு நுரைக்கும்."

அவர்களுக்கு ஒரே பெண். குவாரி வாசலில் லாரி எடை போடுகிற மேடையில் இரவு ஷிப்டு வேலை. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குவதால் அவளுக்கு ஆந்தை என்று பெயர். அப்பன் வைத்த பெயர் வீட்டில் யாருக்கும் வாயில் வராது. அவள் தூங்குவதற்கென்றே அண்ணன் பின்பக்கம் ஓர் அறை கட்டியிருந்தார். முன்வாசலில் லாரிச் சத்தம்; பின்னால் வெறும் பாறையும் அம்மா துணி கும்முகிற ஓசையும்தான். அந்த ஓசை இல்லாவிட்டால்தான் அவளுக்கு விழிப்பு வரும்.

அந்த அறையால் வீட்டின் குணமே மாறிப்போனது. பகல் முழுக்க யாரும் குரலை உயர்த்தக் கூடாது. செவிடான அண்ணனுக்கு மெதுவாகப் பேச வராது என்பதால் அவர் வாயையே அடைத்துவிட்டார்கள். தேநீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவார். சோறு வேண்டுமென்றால் வயிற்றைத் தடவுவார். கோபம் வந்தால் மூக்கைச் சுட்டுவார். புருசனும் பெண்டாட்டியும் கையாலேயே சண்டை போடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "ஷ்" என்று அக்கா என் முதுகில் ஈரக்கையால் ஒன்று போடுவாள். "என் ஆந்தை தூங்குதுடா!"

மழை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, குவாரி நாள் கணக்கில் மூடிக்கிடந்தது. எடை மேடையில் மட்டும் காவலுக்கு ஆள் வேண்டுமென்று ஆந்தை போய்வந்துகொண்டிருந்தாள். மழை வெறித்த காலையில் நான் சட்டை வாங்கப் போனேன். அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மாமா, ஒரு வாரமா வண்டி ஓட்டாம நீங்க எடை கூடிட்டீங்க. மேடையில ஏத்திப் பாத்துருவமா?"

"உன் அம்மா தேநீர்ல சர்க்கரை போட்டுப் போட்டுக் கெடுத்துட்டா."

"போட்டது சர்க்கரை இல்ல, பாசம். காசு வாங்காம குடுக்கிறாங்கல்ல, அதான் தித்திக்குது."

"ஏய், போய்ப் படு" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "கண்ணைப் பாரு, செங்கல்லு மாதிரி இருக்கு."

"அம்மா, டிரம் எல்லாம் நெறைஞ்சு வழியுது. நான் ரெண்டு தொட்டி ஊத்திக் குடுத்துட்டுப் படுக்கவா?"

"நீ ஒண்ணும் ஊத்த வேணாம். படு."

அவள் எழுந்து, மிச்ச ரொட்டியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பின் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மழை நாட்களில் சேர்ந்துபோன துணி மலையாகக் கிடந்தது. அக்கா நுரை பொங்கப் பொங்கத் துவைத்தாள். எனக்கு அவ்வளவு நுரையை அங்கே பார்த்த ஞாபகமே இல்லை. தொட்டி தொட்டியாகச் சரித்தாள். ஓட்டை குடித்தது. கடைசியாகச் சரித்தபோது மட்டும் களக் சத்தம் வரவில்லை. தண்ணீர் ஓசையில்லாமல் இறங்கியது. அவள் ஒரு நொடி நின்று அதைப் பார்த்தாள். பிறகு படுக்கை விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்குப் போனாள்.

நான் முன் அறையில் என் சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் இல்லை. சிமெண்டு மூட்டை அடுக்கு சரிவதுபோல் ஒரு பொதுக்கென்ற சத்தம். நடுக் கதவு தானாகத் திறந்தது. குளிர்ந்த காற்று ஒன்று வந்து முகத்தில் அடித்தது. பழைய பானைக்குள் தலையை விட்டால் வருமே, அந்த வாசம். கதவுக்கு அந்தப் பக்கம் அறை இல்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, கட்டில் இல்லை. வட்டமாக ஒரு குழி. அதன் விளிம்பிலிருந்து செம்மண் கட்டி கட்டியாக விழுந்துகொண்டிருந்தது. குழிக்கு அந்தப் பக்கம் அக்கா, கையில் ஈர விரிப்போடு.

நான் கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆட்களும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதீங்கடா! இப்பத்தான் கண்ணசந்தா."

*

கயிறு வந்தது, ஏணி வந்தது. மூடிக்கிடந்த குவாரியில் கம்ப்ரசரைப் பார்க்கப் போயிருந்த அண்ணன் ஹெல்மெட்டோடு ஓடிவந்து, யாரையும் கேட்காமல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி ஆழத்தில் பக்கத்து மண் பெயர்ந்து அவரையே மூட வந்தது. நாங்கள் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்ததும் மறுபடி இறங்கப் பார்த்தார். கிரஷரில் கல் பொடிக்கிற பவுடர்தான் அவர் மேல் படுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். தலை முதல் கால் வரை எப்போதும் வெள்ளைப் பொடி படிந்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அன்று அவன் கன்னத்தில் மட்டும் இரண்டு கோடு கறுப்பாகத் தெரிந்தது.

பிறகு தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். விளக்கு இறக்கினார்கள், காமிரா இறக்கினார்கள், நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கிற ஒரு கருவியையும் இறக்கினார்கள். அவர்கள் "அமைதி" என்று கையைத் தூக்கும்போதெல்லாம் மொத்தக் குடியிருப்பும் மூச்சைப் பிடித்து நிற்கும். கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தோண்டத் தோண்ட மண் சரிந்தது. கட்டிலின் ஒரு கால் கிடைத்தது. அதற்கப்புறம் அதுவும் இல்லை.

அக்கா விளிம்பை விட்டு நகரவில்லை. துவைத்த துணிகளை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். யாருடைய சட்டை, யாருடைய கால்சட்டை என்று பெயர் சொல்லிப் பிரித்து வைத்தாள். தேநீர் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைப்பாள். ஆறிப்போய் ஆடை கட்டும். கொட்டுவதற்கு எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். "இங்க ஊத்தாதடா. உள்ள போகும்."

மண்ணும் பாறையும் பார்க்கிற இன்ஜினியர் அம்மா ஒருத்தர் வந்தார். சின்ன வயசு. பெரிய ஆள் மாதிரி பேசாமல் அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, இந்தக் கல்லு தண்ணியில கரையற கல்லு. மழைத்தண்ணியில லேசான புளிப்பு இருக்கும், நமக்குத் தெரியாது. அது கல்லு வெடிப்புல இறங்கி, கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக்கிட்டே போகும். ஒரு ஆள் ஆயுசுல தெரியற வேலை இல்ல. நீங்க பொறக்கறதுக்கு எத்தனையோ ஆயிரம் வருசம் முன்னாடியே கீழ குகை மாதிரி ஆயிடுச்சு. மேல இருந்த மண்ணு அதை மூடிக்கிட்டு இருந்திருக்கு."

"அந்த மண்ணு ஏன் இப்ப போச்சு?" என்றாள் அக்கா.

இன்ஜினியர் அம்மா ஓட்டை இருந்த பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்தார். "மழை ஜாஸ்தியில்லம்மா?"

அன்று சாயங்காலம் சொல்லிவிட்டார்கள். இனி ஆளை இறக்க முடியாது. சுற்றியுள்ள வீடுகளும் ஆபத்தில் இருக்கின்றன. பெரிய கல்லாகப் போட்டு, மேலே சின்னக் கல், அதற்கு மேல் கான்கிரீட் என்று மூடிவிட வேண்டும். ஆனால் பெற்றவர்கள் சரி என்று சொல்லாமல் தொடமாட்டோம் என்றார்கள். மனிதர்கள்தான் அவர்களும்.

"மூடக் கூடாது" என்றாள் அக்கா. "தண்ணி போகுதில்ல? போற தண்ணி எங்கயாச்சும் வெளிய வரணுமில்ல? எம்பொண்ணும் வருவா. எப்படி வந்தாலும் சரி. நான் பாக்கணும்."

அண்ணன் என் தோளைத் தொட்டார். லாரியைக் கையால் காட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது என்று அவருக்கே தெரியும். இரண்டு பக்கமும் ஏற்றினேன்.

"கம்பி விழுந்துச்சுடா" என்றார். மூடிய வண்டிக்குள் அந்தக் குரல் காதை அடைத்தது.

"என்னண்ணே?"

"அந்த ஓட்டை போட்டப்ப. ஒரு கை ஆழம் போச்சு, சட்டுனு கம்பி விழுந்துச்சு. பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு."

டிப்பர்காரனுக்கும் அது தெரியும். குவாரியில் கம்பி விழுந்தால், அதாவது துளை போடும்போது கம்பி தடையில்லாமல் திடீரென்று இறங்கினால், கீழே பொந்து என்று அர்த்தம். உடனே இயந்திரத்தை நிறுத்துவார்கள். அந்தத் துளைமேல் மூன்று கல்லை அடுக்கி வைப்பார்கள். யாரும் அங்கே வெடிமருந்து இறக்கமாட்டார்கள், வண்டி நிறுத்தமாட்டார்கள், சாப்பாட்டுத் தூக்கைக்கூட வைக்கமாட்டார்கள். முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது.

"குவாரியில விழுந்திருந்தா மூணு கல்லு வச்சிருப்பேன்" என்றார். "என் வீட்டுல விழுந்துச்சு, சிரிச்சேன். எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கும், என் பொண்டாட்டிக்கு இனிமே சேறு இல்லன்னு சிரிச்சேன். அந்த வீடு கிடைக்கத் தவம் கிடந்தோம்டா. கூரைக்குக் கீழ முதல்முதலா படுத்ததே அங்கதான். அவ உள்ள உலை வச்சிக்கிட்டு இருந்தா. வந்து கேட்டா, கீழ எப்படி இருக்குன்னு. கெட்டிப் பாறை, உன் ஆயுசுக்கும் தாங்கும்னு சொன்னேன். அப்புறம் அதுக்குப் பக்கத்துலயே ரூமும் கட்டினேன். நானே கட்டினேன். என் கையால."

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பி பிடித்துப் பிடித்து அவை எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். அன்று நடுங்கவில்லை.

"அவளுக்குத் தெரியக் கூடாது. மழைன்னே நினைச்சுக்கட்டும். தெரிஞ்சா என்னைக் கொன்னா பரவால்ல, கொல்லமாட்டா. பக்கத்துல உக்காந்து சோறு போடுவா. அதை எப்படிடா திம்பேன்?"

*

மறுநாள் காலையில் அக்கா எழுந்து, பெட்டியிலிருந்து துணிக்குப் போடுகிற நீலத்தை எடுத்தாள். வெள்ளைத் துணிக்குக் கடைசியில் முக்குவதற்காக மொத்தமாக வாங்கி வைத்திருந்தது. அத்தனை பொட்டலத்தையும் ஒரு தொட்டியில் கரைத்தாள். தண்ணீர் கறுத்துப்போய் மை மாதிரி ஆனது.

இன்ஜினியர் அம்மா தடுக்கவில்லை. "நாங்களும் சாயம் ஊத்தித்தான் பாப்போம்" என்றார். "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊத்து இருக்கு. அங்கதான் வரணும். ஆனா அம்மா..." என்று இழுத்தார்.

"வரட்டும். நான் பாத்துக்கிறேன்."

அவளே குழிக்குள் ஊற்றினாள். கை முழங்கை வரை நீலமாகிவிட்டது. கழுவவில்லை. "தம்பி, வண்டியை எடு" என்றாள்.

மலையைச் சுற்றி இறங்குகிற பாதை. வழியெல்லாம் சாம்பல் நிறப் பாறை, நனைந்து பளபளத்தது. அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள். நடுவில் புல் செழிப்பாக முளைத்திருந்தது. நான் எத்தனையோ முறை அந்த வழியில் வண்டி ஓட்டியிருக்கிறேன். அன்றுதான் ஒவ்வொரு கிண்ணமும் மேலேயிருந்து விழுந்த தரை என்று உறைத்தது. அக்கா கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தாள்.

ஊற்று, பாறை அடியில் ஒரு விரிசலிலிருந்து வந்து சின்னக் குட்டையாக நின்றது. கண்ணாடி மாதிரி தண்ணீர். கரையில் ஓர் அம்மா குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்தாள். கீழே நாலைந்து வீடுகள் இருக்கிற இடத்துக்காரி. எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குவாரிக்காரங்களா? அங்க பூமி உள்வாங்கிடுச்சாமே. பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

அக்கா விரிசலுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தாள். நாங்கள் காத்திருந்தோம். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கத் தொடங்கியது. அந்த அம்மா போய்விட்டு, அவித்த உருளைக்கிழங்கும் உப்பும் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சுக்கு ஆள் கிடைக்காதவள்போல.

"இந்தத் தண்ணி ரொம்ப நல்ல தண்ணி. ஒரே ஒரு கோளாறு. சில நாளைக்கு நுரையா வரும். சோப்பு வாசம் கூட அடிக்கும். என் வீட்டுக்காரர் இருந்தப்ப சொல்லுவாரு, மலைக்குள்ள எவளோ துணி துவைக்கிறா போலன்னு. அப்படிச் சொல்லித்தான் எங்க பசங்களுக்குச் சோறு ஊட்டுறது. 'சாப்பிடலன்னா மலைக்குள்ள துவைக்கிறவ கூட்டிட்டுப் போயிடுவா'ன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அந்த அம்மாவின் கண் அக்காவின் நீலக் கையில் விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

நீலம் வந்தது. முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். விரிசலின் வாயில் ஓர் இழை. வெளுத்த துணியின் ஓரத்தில் தெரிகிற அளவு நீலம். அப்புறம் குட்டை முழுக்க அது பரவியது.

அக்கா குட்டைக்குள் இறங்கினாள். விரிசலுக்குள் கையை விட்டாள். விரல்கள் போயின. உள்ளங்கை போகவில்லை. கையைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி விட்டுப் பார்த்தாள். தோல் உரிந்து ரத்தம் வந்தது. எங்கேயும் மணிக்கட்டுக்கு மேல் நுழையவில்லை. சொத சொதவென்று நனைந்து வெகுநேரம் அந்தப் பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகிற சத்தம் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் கையே போகலியேடா தம்பி" என்றாள் கடைசியில்.

வண்டியில் திரும்பும்போதுதான் அதைக் கேட்டாள்.

"அவரு உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லக்கா."

"கண்ணாடியை ஏத்திக்கிட்டா கேக்காதா? அந்த மனுசன் குரலு மலைக்கே கேக்கும்." சேலையோ துண்டோ என்று பார்க்காமல் கையில் கிடைத்ததை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அது என் அழுக்குத் துணி. "கேக்காட்டியும் எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கம்பி பிடி வரைக்கும் விழுந்துச்சு. அவரு சிரிச்சாரு. கம்ப்ரசர்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாதா கம்பி விழுந்தா என்னன்னு? தெரியாத மாதிரி வெளிய வந்து கேட்டேன். கெட்டின்னு சொன்னாரு. சரின்னுட்டேன்."

"ஏன்க்கா?"

"வீடு கிடைச்ச சந்தோசம். தெரியும்னு சொன்னா காலி பண்ணணுமில்ல? அப்புறம் சேறில்லாத முற்றம். நான் வளர்ந்த வீட்டுல எந்நேரமும் முழங்கால் சேறுடா. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு." கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள்: "ஓட்டை போட்டதோட அவரு வேலை முடிஞ்சுது. ஊத்தினவ நான். தினம் தினம். அவருகிட்ட சொல்லிடாத. அவருக்குத் தன் தப்புன்னு இருக்கிற வரைக்கும் என்னைப் பாத்துக்கவாவது உயிரோட இருப்பாரு."

*

நாங்கள் வந்து இறங்கியபோது குழியைச் சுற்றிக் கூட்டம். இன்ஜினியர் அம்மாவிடம் அக்கா தலையை ஆட்டினாள். சரி என்று வாயால் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பவுடர், மனசில் ஒன்றும் இல்லாதவன், வாயில் வந்ததைக் கேட்டான்.

"ஆனா அண்ணே, ஒண்ணு புரியல. நீதானே அங்க துளை போட்டே? கீழ இவ்வளவு பெரிய பொந்து இருந்தா அன்னைக்கே கம்பி விழுந்திருக்கணுமே? உன் கையில கம்பி விழுந்து உனக்குத் தெரியாமயா போச்சு?"

கம்ப்ரசர் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். எல்லோர் மனசிலும் இருந்த கேள்விதான். ஒருவரும் பவுடரை அதட்டவில்லை. ஒருவரும் அண்ணன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. காதில் சரியாக விழாததுபோல் அண்ணன் நின்றார். ஆனால் உதடு அசைந்தது. சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டு அந்தக் குழிக்குள் குதித்துவிடுவார் என்றும் தோன்றியது.

"கம்பி விழல" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அடிவரைக்கும் கெட்டிப் பாறை. பொடி வெள்ளையா வந்துச்சு. கம்பி விழவே இல்ல. வேலையைப் பாருங்கடா."

சொல்லும்போது அவள் பவுடரைப் பார்க்கவில்லை. புருசனைப் பார்த்தாள். ஜன்னல் என்று அவள் சொன்ன இடத்தில் அண்ணனின் கண் ஒரு சிமிட்டல் சிமிட்டியது. அவ்வளவுதான். அதற்குமேல் அவர்களுக்குள் எதுவும் சொல்லப்பட்டதாக எனக்குத் தெரியாது.

முதல் லோடு என் வண்டி. குவாரி முகப்பில் இருந்து ஏற்றிய பெரிய கற்கள். நான் பின்னால் எடுத்து, விளிம்புக்கு எட்ட நிறுத்தி, தொட்டியைத் தூக்குகிற பிடியில் கை வைத்தேன். அக்கா வண்டிப் பக்கம் வந்து, கதவைத் தட்டினாள்.

"தம்பி. மெதுவா கொட்டு."

டிப்பரில் மெதுவாகக் கொட்ட முடியாது. தொட்டி எழும், கல் இடிமாதிரி இறங்கும். அது அவளுக்கும் தெரியும். நான் பிடியிலிருந்து கையை எடுத்தேன். இயந்திரத்தை அணைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கி நின்றேன்.

பவுடர்தான் முதலில் வண்டிமேல் ஏறினான். ஒரு கல்லைப் புரட்டி, கீழே நின்றவன் கையில் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வரிசை தானாக நின்றுவிட்டது. கம்ப்ரசர்காரர்கள், வெடிக்காரர்கள், டிரைவர்கள், தீயணைப்பு ஆட்கள். தூக்க முடியாத கல்லைக் கயிற்றில் கட்டினோம். விளிம்பில் அண்ணன் மண்டியிட்டு, ஒவ்வொரு கல்லையும் கயிற்றோடு கீழே இறக்கினார். அது தரை தொடுகிற நேரம் கையை விரித்துக் காட்டுவார்: மெல்ல. அடுத்த கல்லுக்கு விரலை மடக்குவார்: வா. பகலெல்லாம் அந்த வீட்டில் பேசிய கைப்பேச்சு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியவர் கிடையாது. காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தோம். முழு லோடும் அப்படித்தான் இறங்கியது. அதற்கு அப்புறம் அக்காவே என்னிடம் வந்து, இனி வண்டியால் கொட்டு என்று கையால் சொன்னாள்.

குடியிருப்பில் அவர்களுக்கு நடு வரிசையில் ஒரு வீடு கொடுத்தார்கள். சில வாரம் கழித்து அக்கா மறுபடி துணி வாங்கத் தொடங்கினாள். பின்பக்கம் தகரம் விரித்து அதன்மேல்தான் துவைக்கிறாள். தகரத்தின் ஓரத்தை மடித்துவிட்டிருக்கிறாள். தரையில் சொட்டு இறங்காது. மழை வந்தால் டிரம் வைப்பதில்லை. சோப்பு திரிகிற அந்தக் குழாய்த் தண்ணீரிலேயே கும்முகிறாள்.

தொட்டியில் அழுக்குத் தண்ணீர் நிறைந்ததும் கையைத் தட்டுவாள். அண்ணனுக்கு அது கேட்காது. ஆனாலும் வந்துவிடுவார். இரண்டு பக்கப் பிடியையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, சாலையோரச் சிமெண்டுக் கால்வாய் வரைக்கும் நடப்பார்கள். நல்ல தூரம். அவர் கை நடுங்கும், தண்ணீர் தளும்பும். தளும்பினால் நின்றுவிடுவார்கள். தண்ணீர் அடங்குகிற வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்திருந்துவிட்டு, மறுபடி நடப்பார்கள்.